பட்டம் தப்பிப் போச்சு: கடைமடையில் இனி எந்தத் தேதியை நம்பி விதைக்கிறது?

முள்ளியாறு | ஆகஸ்ட் 3, 2024

எல்லாருக்கும் ஆடிப்பெருக்கு வாழ்த்து. எங்களுக்குத்தான் பெருக்கு இல்லை.

நான் இருக்கிறது திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடை, காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். 12 மா நிலம், நாலு ஏக்கர். போர் போட்டால் உப்புத் தண்ணி வரும், அதனால் ஆறு, இல்லாவிட்டால் வானம். இந்த வருஷம் வழக்கமான ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கலை, அணையில் பாதிகூடத் தண்ணி இல்லை. ஜூனில் தொடங்குற குறுவை நெல் போச்சு. ஜூலை 28 திறந்தாங்க, 30ஆம் தேதி 120 அடியும் நிரம்பிடுச்சு. ரெண்டே நாள்! இப்போ கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்கு ஓடுது. எங்க வாய்க்காலில் இன்னும் நண்டு வளை காய்ஞ்சு கிடக்கு.

கேள்வி இதுதான். அடுத்த நெல் பட்டமான சம்பாவுக்கு 155 நாள் சிஆர் 1009 ரகம் விடுறதா, 130 நாள் ரகத்துக்குப் போறதா? அப்பா காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. ஆடியில் விதை, தையில் அறுப்பு, அவ்வளவுதான். 2021 ஜனவரியில் பொங்கலுக்கு முன்னாடி விடாமல் பெய்ஞ்சதே, அப்போ சாய்ஞ்ச கதிரைக் கையில் எடுத்தால் மணிக்கு மணி வெள்ளையா அரை அங்குல முளை. அம்மா பார்த்துட்டு, "நாத்து விடுற வேலை மிச்சம்டா"ன்னாங்க. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. அதுக்குத் தப்பிக்கலாம்னு அடுத்த வருஷங்களில் தள்ளி விதைச்சேன், 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழை பிடிச்சுக்கிச்சு.

அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி வயல் ஈரத்திலேயே உளுந்து தெளிப்போம். மழை வந்தால் நெல்லோட அதுவும் அழுகிடும். ஒரு மழைக்கு ரெண்டு வெள்ளாமை.

காலநிலை மாற்றம் விவசாயத்தைப் பாதிக்கும்னு கூட்டம் போட்டுப் பேசுறாங்க. எனக்குப் பேச்சு வேண்டாம், தேதி வேண்டும்.

நாணல்காடு | ஆகஸ்ட் 3, 2024

தம்பி, கோபப்படாமல் கேளுங்க. வெள்ளமும் வறட்சியும் நமக்குப் புதுசா? 1924இல் காவிரி அடிச்ச அடி தெரியுமா? 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் வந்த புயலை நானே பார்த்திருக்கேன், அப்போ எனக்கு 11 வயசு, பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை பறந்து எங்க வயலில் விழுந்தது. அன்னைக்கு யாரும் காலநிலை மாற்றம்னு சொல்லலை.

இன்னைக்கு எதுக்கெடுத்தாலும் அந்த ஒரு வார்த்தை. வடிகாலைத் தூர் வாராமல் விட்டவனும் அதையே சொல்லித் தப்பிக்கிறான். உங்க ஊர் வடிகாலில் நெய்வேலி காட்டாமணக்கு எத்தனை வருஷமா மண்டிக் கிடக்கு, சொல்லுங்க?

மழைக்கணக்கு | ஆகஸ்ட் 3, 2024

நாணல்காடு ஐயா சொல்வதில் பாதிதான் ஏற்க முடியும். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

டெல்டாவுக்கு ரெண்டு குழாய். ஒன்று குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, அது மேட்டூர் வழியாக வரும். இன்னொன்று நேராக நம் தலையில் கொட்டும் வடகிழக்கு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி இந்த வடகிழக்கில்தான். ரெண்டும் வேறு வேறு சக்திகளுக்குக் கட்டுப்பட்டவை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வருஷங்களில் தென்மேற்கு பெரும்பாலும் சோர்ந்து போகும், ஆனால் வடகிழக்கு தூக்கி அடிக்கும். 2015 அப்படி. 2023 அச்சு அசல் அப்படி: அக்டோபர் 10ஆம் தேதி தண்ணீர் இல்லாமல் மேட்டூரை மூடினார்கள், டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தமிழ்நாட்டின் ஒரு வருஷ சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். 2016இல் நேர்மாறு, வடகிழக்கு 62 சதவீதம் குறைந்து மாநிலத்தையே வறட்சி என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

எல் நினோ பழங்கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஆடுகிற மேடை மாறிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். வங்கக் கடலும் அரபிக் கடலும் சூடாகிக்கொண்டே இருக்கின்றன. மொத்த மழை ஏறக்குறைய அதே அளவாக இருக்கலாம், ஆனால் பத்து நாள் நிதானமாகப் பெய்ய வேண்டியது ஒன்றரை நாளில் கொட்டிவிட்டு ஓடிவிடும். சராசரியைப் பார்த்தால் "மழை குறையவே இல்லையே" என்று தோன்றும். வயலுக்கு சராசரி எதற்கு?

பொன்னி | ஆகஸ்ட் 4, 2024

"எனக்குப் பேச்சு வேண்டாம், தேதி வேண்டும்." இந்த ஒரு வரியைக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மாட்டி வைக்கணும்.

நாற்றங்கால் | ஆகஸ்ட் 4, 2024

நான் வேளாண்மை படித்தவன், இப்போது விதை உற்பத்தியில் இருக்கிறேன். முள்ளியாறு அண்ணனுக்கு நேரடியாகப் பதில்.

சிஆர் 1009இல் சப் 1 என்று ஒரு ரகம் இருக்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து எடுத்த மரபணு. பயிர் வளர்கிற பருவத்தில் ரெண்டு வாரம் வரை முழுக்க மூழ்கினாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, தண்ணீர் வடிந்ததும் திரும்பத் தூர் கட்டும். நவம்பர் வெள்ளத்துக்கு இது நல்ல கவசம். ஆனால் உங்களை அடித்தது நவம்பர் வெள்ளம் இல்லை. கதிர் முற்றிய பிறகு சாய்ந்து ஈரத்தில் கிடந்தால் சப் 1 ஒன்றும் செய்யாது. அங்கே வேண்டியது சாயாத தண்டும், விதை உறக்கமும். அறுவடை ஆன சில வாரங்களுக்கு முளைக்க மறுக்கிற குணத்தைத்தான் உறக்கம் என்கிறோம். விதை வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. மகசூல் எத்தனை மூட்டை, அரிசி சன்னமா என்பதோடு சரி.

இன்னொன்று, வெள்ளத்தைப் போல் கண்ணுக்குத் தெரியாதது: ராத்திரிச் சூடு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் எடுத்த கணக்கு 2004இல் வெளிவந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மகசூல் 10 சதவீதம் இறங்கியது. பகலில் சமைத்த மாவுச்சத்தை ராத்திரியில் பயிர் தன் மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. சம்பா பூக்கும்போது மார்கழிக் குளிர் காப்பாற்றும். குறுவைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நெல் பூ காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் வாய் திறக்கும். அந்த ரெண்டு மணி நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பொய்த்துப் பதராகும். பதர் அதிகமானால் உரத்தைத் திட்டுவோம், கடைக்காரரைத் திட்டுவோம், பத்து மணி வெயிலை யாரும் நினைக்க மாட்டோம்.

முள்ளியாறு | ஆகஸ்ட் 4, 2024

ரொம்ப நன்றி தம்பி. ஆனால் என் கணக்கைப் பாருங்க.

தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள், அங்கிருந்து முறை வச்சு எங்களுக்கு வந்து சேர ஆகஸ்ட் பாதி ஆயிடும். அன்னைக்கு 155 நாள் விதை விட்டால் அறுப்பு ஜனவரி 17 வாக்கில். 2021 மாதிரி வந்தால் காலி. 130 நாள் ரகத்தை செப்டம்பர் பாதியில் விட்டால் ஜனவரி கடைசி, கொஞ்சம் பிந்தினாலும் பிப்ரவரி முதல் வாரம். 2023 மாதிரி வந்தால் காலி. சரி, முன்கூட்டியே 130 நாள் ரகத்தை ஆகஸ்ட் பாதியிலேயே விட்டால்? டிசம்பர் கடைசியில் முத்தின கதிர் நிக்கும். டிசம்பர் எங்களுக்குப் புயல் மாசம்.

எந்தத் தேதியைத் தொட்டாலும் அதுக்கு ஒரு வருஷம் சாட்சி சொல்லுது.

அணைத் தேதியும் அப்படித்தான். 2012இலிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12க்குத் திறக்கலை. 2020, 21இல் சரியாத் திறந்தாங்க. 2022இல் மே 24க்கே திறந்து, நாத்தங்காலுக்கு ஆள் கிடைக்காமல் ஓடினோம். 2023இல் ஜூன் 12, ஆனா முடிவில் தண்ணி இல்லை. இந்த வருஷம் ஜூலை 28. இதில் எதைப் பழக்கம்னு சொல்றது?

களத்துமேடு | ஆகஸ்ட் 5, 2024

அறுப்பு முடிஞ்சா எல்லாம் முடிஞ்சதுன்னு பேசுறீங்க, அங்கதான் ரெண்டாவது ஆட்டமே ஆரம்பம்.

ஈர வயலில் டயர் வச்ச அறுவடை வண்டி இறங்காது. செயின் வண்டிதான் வரணும், அதுக்கு மணி வாடகை அதிகம். சாய்ஞ்ச பயிர்னா ஒரு மணி நேர வேலை ரெண்டரை மணி ஆகும். செயின் ஓடின தடத்தில் உளுந்து மொத்தமாப் போயிடும். அப்புறம் கொள்முதல் நிலையம். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருந்தால் எடுக்க மாட்டாங்க. மழை பெய்யும், 22 வரைக்கும் தளர்த்துங்கன்னு மாநிலம் கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைப் பையில் போட்டு எடுத்துட்டுப் போகும், உத்தரவு வர்றதுக்குள்ள நெல் களத்துலயே கறுத்துடும். இந்த நாடகம் இப்போ வருஷ வருஷம்.

போன தடவை எங்க பக்கத்து நிலையத்தில் 11 நாள் கிடந்தேன். ராத்திரியில் தார்ப்பாய் மேல படுத்து, பனியா மழையான்னு முகத்தில் விழுறதை வச்சுக் கண்டுபிடிக்கப் பழகிட்டேன். 2024-25க்கு ஏ கிரேடு நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,320 ரூபாய்னு ஆதார விலை அறிவிச்சாங்க, நல்லது. அந்த விலை காய்ஞ்ச நெல்லுக்கு. தை மாசம் வெயில் அடிச்ச காலத்தில் போட்ட சட்டம் அந்த 17. முள்ளியாறு சொல்ற தேதிப் பிரச்சினை வயலோட நிக்கலை, ஆபீஸ் வரைக்கும் போகுது.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 6, 2024

களத்துமேடு கடைசியில் சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அந்தப் படிவங்களோடுதான் புழங்கினேன்.

சம்பாவுக்குக் காப்பீடு செய்யக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், அதில் குறை இல்லை. ஆனால் விதைத்ததற்கு வி.ஏ.ஓ.விடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று, வாங்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் சர்வர் படுத்துவிடும், வி.ஏ.ஓ. நிவாரண வேலைக்குப் போயிருப்பார், சனம் இ-சேவை மைய வாசலில் குடையோடு நிற்கும். தேதியைக் கொஞ்சம் நீட்டுவார்கள், அது வேறு விஷயம். மழை உச்சியில் இருக்கும் வாரத்தில் கடைசித் தேதி வைத்தது யார் புத்தி?

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. கிராமத்தில் நாலு இடத்தில் அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் சதுரம் அறுத்து எடை போடுவார்கள். அந்த மகசூல், "உத்தரவாத மகசூல்" என்ற அளவுக்குக் கீழே போனால்தான் பணம். அந்த அளவு எப்படி வருகிறது? கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்தின் சராசரி, அதில் ஒரு பங்கு. ஏழில் ஒன்றிரண்டு கெட்ட வருஷம் என்றால் கழித்துவிடலாம். ஏழில் மூன்று, நாலு கெட்டுப்போனால்? கெட்ட வருஷமும் "நல்ல ஐந்து"க்குள் வந்து உட்கார்ந்துவிடும், உத்தரவாதம் கீழே இறங்கும். அடிக்கடி அடிபடுகிற கிராமத்துக்குப் பாதுகாப்பு வருஷா வருஷம் தேயும். கெட்டது எப்போதாவது வரும் என்று நம்பிய காலத்துச் சூத்திரம் இது.

முளைத்த நெல், கறுத்த நெல் எல்லாம் எடையில் தெரியாது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

நாணல்காடு | ஆகஸ்ட் 6, 2024

கணக்குப்பிள்ளை, இந்த ஏழில் ஐந்து விஷயம் எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. எங்க கிராமத்துக்கு ரெண்டு தடவை பூஜ்யம் வந்ததுக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் புரியுது.

குலவை | ஆகஸ்ட் 8, 2024

நாலு நாளா படிக்கிறேன். எல்லாரும் நிலம் இருக்கிறவங்க பேசுறீங்க. நான் கீழ்வேளூர் பக்கம், எங்க அம்மா நடவு ஆள், நானும் காலேஜ் போற வரைக்கும் நட்டிருக்கேன்.

வெள்ளத்தில் பயிர் போனால் உங்களுக்குக் கொஞ்சமாவது நிவாரணம் வரும். களை எடுக்க வேண்டிய இருபது நாள் வேலை எங்களுக்குப் போகும், அதை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லை. மேட்டூர் தேதி தள்ளிப் போனால் எங்க தெருவில் பாதிப் பேர் திருப்பூர் வண்டி ஏறிடுவாங்க. தண்ணி திடீர்னு வரும்போது ஆள் இல்லைன்னு நீங்க மேற்கு வங்காளத்து ஆட்களை ஏக்கர் கணக்கில் பேசி இறக்குவீங்க. அவங்களும் பாவப்பட்டவங்கதான், குத்தம் சொல்லலை. அடுத்த வருஷம் எங்க அம்மாவைக் கூப்பிட ஆள் வரலை, அவ்வளவுதான்.

முன்னெல்லாம் காலை ஆறுக்கு இறங்கினால் பன்னிரண்டு வரைக்கும் நடுவாங்க. இப்போ பத்து மணிக்கே வயல் தண்ணி காலைச் சுடுது, மேலே வெயில், கீழே ஆவி, குனிஞ்ச முதுகு. நெல் பூவுக்கு 35 டிகிரி தாங்காதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. நல்லாப் படிச்சேன்.

நாற்றங்கால் | ஆகஸ்ட் 8, 2024

தோழர், அந்த அடி எனக்குத்தான். வாங்கிக்கொள்கிறேன்.

நான் அடுத்து எழுத வைத்திருந்ததே நேரடி விதைப்பு பற்றி. புழுதியில் விதைத்தால் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம், நாற்றங்கால் செலவும் இல்லை. மாறி மாறி ஈரமும் காய்ச்சலுமாக, அதாவது துளைபோட்ட குழாயை வயலில் புதைத்து, அதில் நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே போனதும் பாய்ச்சினால், தண்ணீர் மிச்சமாகும், மீத்தேனும் குறையும். எல்லாம் உண்மை. ஆனால் நேரடி விதைப்பில் நடவு என்ற வேலையே காணாமல் போகும், களைக்கும் மருந்து வந்துவிடும். இதை நாங்கள் "செலவுக் குறைப்பு" என்ற தலைப்பில்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

தென்னந்தோப்பு | ஆகஸ்ட் 9, 2024

பேராவூரணி. 2018 கஜா புயலில் 140 தென்னை மரத்தில் 128 சாய்ஞ்சது. நெல்லுக்கு அடுத்த பட்டம் உண்டு. தென்னங்கன்னு வச்சு ஆறு வருஷம் ஆச்சு, இப்போதான் பாளை விடுது. அதுக்குள்ள வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரிப் பூஞ்சை. எங்களுக்குத் தேதிப் பிரச்சினை இல்லைங்க, ஆயுசுப் பிரச்சினை.

மரபுநெல் | ஆகஸ்ட் 10, 2024

எல்லாத்துக்கும் விடை நம்ம பாரம்பரிய நெல்லில் இருக்கு. மாப்பிள்ளை சம்பா, காட்டுயானம், உப்பு மண்ணுக்குக் குழியடிச்சான். நெல் ஜெயராமன் ஐயா உங்க திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில்தானே 170க்கு மேல் ரகங்களை மீட்டெடுத்தார்? பக்கத்திலேயே வச்சுக்கிட்டு வெளியில் தேடுறீங்களே.

முள்ளியாறு | ஆகஸ்ட் 10, 2024

தெரியும்ங்க. அவர் நடத்தின நெல் திருவிழாவில் ரெண்டு கிலோ வாங்கி ரெண்டு கிலோவுக்கு நாலு கிலோ திருப்பிக் கொடுத்தவன் நான். காட்டுயானம் ஆள் உயரம் நிக்கும், தண்ணியில் அசராது. ஆனா 180 நாள். மகசூல் பாதி. கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டாங்க, வாங்குறவரை நானே தேடணும். ஒரு மாவில் வீட்டுக்குன்னு போடுறேன். பதினோரு மாவுக்குக் கடன் அடைக்கணும்.

மழைக்கணக்கு | ஆகஸ்ட் 16, 2024

நாணல்காடு ஐயா, முதல் நாள் பேச்சுக்குத் திரும்புகிறேன். ஜூலை 30 வயநாட்டில் மலை சரிந்ததே, அந்த மழையை ஆராய்ந்து இந்த வாரம் ஒரு அறிக்கை வந்திருக்கிறது. புவி சூடேறியதால் அந்த ஒரு நாள் மழை சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கொட்டியது என்கிறார்கள். காவிரியில் சேரும் கபினி ஆறு வயநாட்டில்தான் பிறக்கிறது. காய்ந்து கிடந்த மேட்டூரை நிரப்பியதும் அதே பருவத்து மழைதான். அங்கே ஊரையே புதைத்தது, இங்கே கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. உங்கள் 1924உம் நிஜம், இந்தப் பத்து சதவீதமும் நிஜம்.

நாணல்காடு | ஆகஸ்ட் 17, 2024

சரி, பத்து சதவீதம் உங்களுது. மீதி தொண்ணூறுக்கு வடிகாலைக் கேட்பேன், அதை விட மாட்டேன்.

டெல்டாவில் சரிவு ரொம்பக் கம்மி. தண்ணி கடலுக்குப் போறதே தயங்கித் தயங்கித்தான். புயல் நேரத்தில் கடல் உசந்து நின்னால் ஆறு பின்வாங்கும், வயலில் நின்ன தண்ணி நின்னபடியே இருக்கும். கடல்மட்டம் ஏறினால் இது இன்னும் மோசம், அது உங்க பக்க வாதம்தான், நானே எடுத்துக் கொடுக்கிறேன். தூர் வாருறதா இருந்தால் மே மாசம் வாரணும். எங்க பக்கம் போன வருஷம் தண்ணி வந்த பிறகு பொக்லைன் வந்தது. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டாங்க, அடுத்த மழையில் அது திரும்ப வாய்க்காலுக்கே வந்துடுச்சு.

மூணாவது நாள் வடிஞ்சால் பயிர் பிழைக்கும். பத்தாவது நாள் வடிஞ்சால் அழுகும். மழை ஒண்ணுதான்.

முள்ளியாறு | ஆகஸ்ட் 24, 2024

தண்ணி 19ஆம் தேதி வந்தது. எல்லாரும் எழுதினதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

முடிவு இது. ஏழு மாவில் புழுதி விதைப்பா சிஆர் 1009 சப் 1, முந்தாநாள் தெளிச்சாச்சு. நாலு மாவுக்கு 130 நாள் ரகம், செப்டம்பர் 10 வாக்கில் நாத்து விட்டு நடவு. அந்த நடவுக்கு ஊர் ஆட்களைத்தான் கூப்பிடுறதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, காலை அஞ்சரைக்கு இறங்கி ஒன்பதரைக்கு ஏறிடணும்னும் சொன்னாங்க, ரெண்டு நாள் கூடுதலா ஆனாலும் பரவாயில்லையாம். மிச்ச ஒரு மா வழக்கம்போல காட்டுயானம். ஒரே மழை எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்காது, அதைத் தவிர வேறு தைரியம் இல்லை.

வடிகால் விஷயத்தில் நாணல்காடு ஐயா ஜெயிச்சுட்டார். பக்கத்து வயல்காரங்க ஆறு பேர் சேர்ந்து மூணு நாள் காட்டாமணக்கை வேரோட வெட்டினோம். வெட்டினதைக் கரையில் போடலை.

கணக்குப்பிள்ளை அண்ணே, ஒரு சந்தேகம். ஒரே சர்வே நம்பரில் ரெண்டு ரகம், ரெண்டு தேதி விதைப்பு. அடங்கலில் எப்படி எழுதச் சொல்றது?

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 24, 2024

ரெண்டுமே சம்பா நெல்தான், ரகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பரப்பளவு சரியாக இருக்கிறதா, சர்வே நம்பரும் உட்பிரிவும் நில உரிமை ஆவணமான சிட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். நடவு முடிந்த மறுநாளே போய் வாங்கிவிடுங்கள். நவம்பர் வரை வைத்திருக்காதீர்கள்.